வண்டி வரிசையில் ஒரு பாடு

என் அண்ணன் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றிச் செல்லும் டிரெய்லரை ஓட்டுகிறவர். லைட்ஹவுஸ் குப்பத்தில் எங்கள் நைனாவோடு சில வருடங்கள் ஏரியில் மீன்பிடிக்கப் படகேறிவிட்டு அந்த வேலைக்கு மாறினார். அண்ணி முதல் பிள்ளையைச் சுமந்திருந்தபோது அவர் வேலையை இழந்தார். இழந்த விதம் எங்கள் ஏரிக்காரர்களுக்கு மட்டுமே நேரக்கூடியது.

ஏரியில் எந்தக் குடும்பம் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதை ஊர் கூடி முறைவைத்துப் பிரித்துக்கொள்வது எங்கள் வழக்கம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். பாடு வந்த நாளில் ஒருவர் காய்ச்சலில் படுத்திருந்தால் வீட்டிலிருந்து இன்னொருவர் போகலாம். பாடு மட்டும் கைமாறாது. அண்ணனுடைய கம்பெனியிலும் வண்டியும் லோடும் முறைப்படிதான் என்று சொல்லியிருந்தார்கள். அந்தச் சொல்லை அவர் எங்கள் ஊர்ப் பொருளில் எடுத்துக்கொண்டு, அண்ணியை ஸ்கேனுக்கு அழைத்துப்போக ஒரு நாள் வேலைக்குப் போகாமல் நின்றார். மறுநாள் யார்டுக்குப் போனபோது அவருடைய வண்டியை வேறொருவர் எடுத்துப் போயிருந்தார். முறை என்பது அன்றன்றைக்கு வாசலில் நிற்பவருக்கு மட்டும்தானாம்; இனி அவருக்கு வேறு வண்டியும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

சில வாரங்களில் அதே கம்பெனி திரும்பக் கூப்பிட்டது. அங்கே டிரிப்புக்குக் கிடைக்கும் பேட்டா அதிகம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதுவும் கிடையாது. பொன்னேரிப் பக்கம் இன்னொரு கம்பெனியும் ஆள் தேடியது. அங்கே மாதச் சம்பளம். பிடித்தம் போகக் கைக்கு வருவது குறைவு. ஆனால் மனைவிக்கும் சேர்த்து மருத்துவ வசதி உண்டு.

சமூகப்பணி படித்த எனக்கு எதைத் தேர்வது என்பதில் ஐயமே இருக்கவில்லை.

“ரெண்டாவதுக்கே போண்ணா. வயசானா பி.எஃப். இருக்கும்,” என்றேன்.

“வயசானப்புறம் துன்றது இருக்கட்டும்மே. இப்ப இன்னாத்த துன்றது?” என்றார் அண்ணன்.

மீன் கழுவிக்கொண்டிருந்த அண்ணி நிமிர்ந்தார். “பேட்டா வரும், நீ வரமாட்ட. துறைமுகத்து கேட்டாண்ட வண்டியப் போட்டுக்கினு தூங்குற ஆளுக்கு வூடு இன்னாத்துக்கு? எனக்கு வலி வர்ற அன்னிக்கு நீ கூட இருக்கணும். அது எந்தக் கம்பெனில நடக்கும்னு கேட்டுனு வா.”

சம்பளமும் சலுகையும் கேட்டால் சொல்லிவிடுவார்கள். பிள்ளை எந்த நாளில் பிறக்கும் என்று முன்கூட்டிச் சொல்லி எந்த டிரைவரும் விடுப்புக் கேட்க முடியாது. வலி வரும் நாளில் வீட்டுக்கு வந்துவிட்டால் வண்டி திரும்பக் கிடைக்குமா என்று இரண்டு இடத்திலும் கேட்டுவிட்டே முடிவெடுப்பது என்று ஏற்பாடாயிற்று. பழைய கம்பெனி போனிலேயே பதில் சொல்லிவிட்டது: “நீ நில்லுப்பா, வண்டி நிக்காது.”

மற்றதற்கு அண்ணனை என் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு திருப்பாலைவனம் வழியாகப் போனேன். அவ்வளவு நீள வண்டி ஓட்டுகிறவர், தங்கைக்குப் பின்னால் உட்கார்ந்து பள்ளத்துக்குப் பள்ளம் “பிரேக்கு, பிரேக்கு” என்று கத்திக்கொண்டே வந்தார்.

யார்டு சூப்பர்வைசர் மதுரைப் பக்கத்துக்காரர். சம்பளம் பேசி முடித்ததும் அண்ணன் கேட்டார்: “சார், நான் ஒரு நாள் வரலைன்னா என் பாடு யாருக்குப் போவும்?”

“உங்க பாட்டை நான் எங்கண்ணே வாங்குறது? எம் பாடே எனக்குப் பெரும்பாடா இருக்கு.”

காத்திருந்த டிரைவர்கள் சிரித்துவிட்டார்கள். “எங்க பாட்டையும் சேத்து வாங்கிக்க சார், நெறயா கீது,” என்றார் ஒருவர்.

அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் தம் கஷ்டத்தைச் சொல்லவில்லை என்று விளக்கி, ஏரியின் முறையை நான் எடுத்துச் சொன்னேன். சூப்பர்வைசர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

“அப்ப நீங்க போகாத அன்னைக்கு வலை சும்மாவா கெடக்கும்?”

“தம்பி போவான், மச்சான் போவான். வலை சும்மா கடக்காது சார். அடுத்த பாடு எனக்குத்தான்.”

சிரித்தவர்களில் ஒருவர் இப்போது சிரிக்காமல் பேசினார். “அப்பனுக்குக் காரியம் பண்ணிட்டு வந்து வண்டி கெடைக்காம குந்திக்கினு இருந்தேன் சார். இவரு கேக்குறது நாயம்.”

சூப்பர்வைசர் அண்ணன் பக்கம் திரும்பினார். “வண்டியை நிறுத்தி வைக்க முடியாது. ஸ்பேர் டிரைவர் ஓட்டட்டும். நீங்க திரும்பி வந்ததும் வண்டி உங்களுக்கு. ஆனா முன்கூட்டியே சொல்லணும்.”

“வலி சொல்லினு வருமா சார்?”

“வந்த பெறகு சொல்லுங்கண்ணே, போதும்.”

ஒருவருக்கு வாயால் தந்த சலுகை, சூப்பர்வைசர் மாறினால் மறைந்துவிடும். மற்றவர்களுக்கு மனக்கசப்பாகவும் முடியும். எனவே அதை எல்லாருக்கும் பொதுவாக்கி யார்டுப் பலகையில் ஒட்டும்படி கேட்டேன். முதலாளியிடம் பேசிவிட்டு மறுவாரமே ஒட்டினார். அண்ணன் வேலையில் சேர்ந்தார். கைக்கு வந்தது குறைந்ததென்னவோ உண்மை. அந்த மாதங்களில் வீட்டில் பல செலவுகளைத் தள்ளிப்போட்டோம். துறைமுக வாசலில் காத்துக் கிடக்கும் நேரத்துக்கு அங்கேயும் தனிப்பணம் இல்லை. அதைக் கேட்பதற்கு டிரைவர்கள் இப்போது ஒன்றுகூடிப் பேசி வருகிறார்கள்.

அண்ணிக்கு வலி கண்டபோது அண்ணன் அந்த வாசல் வரிசையில்தான் நின்றிருந்தார். நான் போன் செய்தேன். அவர் யார்டுக்குச் செய்தார். பிரசவ அறைக்குள் அண்ணியை அழைத்துப்போகும் முன், டீசல் வாடை வீசும் சட்டையோடு வந்து சேர்ந்துவிட்டார்.

அண்ணி அவர் கையைப் பற்றிக்கொண்டு, “வண்டிய யாராண்ட குட்த்த?” என்று கேட்டார்.

“ஸ்பேராண்ட. நாளன்னிக்கு வந்து எடுத்துக்குறேன்னு சொல்ட்டேன்,” என்றார் அண்ணன்.