இருபத்திரண்டா, இருபத்திநாலா

"கொஞ்சம் வெளிச்சத்துல வந்து நில்லுங்க" என்று சொல்லிவிட்டு அருமைநாயகம் இரண்டு எட்டு பின்னால் போய், வந்தவரின் பாதத்திலிருந்து இடுப்பு வரை பார்வையை ஏற்றுகிறார். முகத்துக்கு அந்தப் பார்வை போவதே இல்லை. சைக்கிள் வாங்க வந்தவர், வேட்டியில் ஏதோ ஒட்டியிருக்கிறதாக்கும் என்று குனிந்து பார்த்துக்கொள்கிறார்.

சங்கரன்கோவில் ராஜபாளையம் ரோட்டில், முகம்மது மைதீனின் சைக்கிள் கடையில் பதினெட்டு வருஷமாக இது நடக்கிறது. சைக்கிள் பெட்டியில் பாகம் பாகமாக வந்து இறங்கும். அதைப் பூட்டி ஓடவிடுவதுதான் அருமைநாயகத்தின் வேலை. எந்த ஆளுக்கு எந்த ஃபிரேம் என்று முடிவு செய்யும் வேலையை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. அவராக எடுத்துக்கொண்டார். ஆண்கள் சைக்கிளில் இருப்பது இரண்டே அளவு, இருபத்திரண்டு இஞ்ச், இருபத்திநாலு இஞ்ச். வருகிறவர்கள் எல்லாரும் இருபத்திநாலுதான் கேட்கிறார்கள். உயரமான வண்டியில் போனால் ஆளும் உயரமாகத் தெரிவான் என்று நினைப்பு.

அவரிடம் டேப் கிடையாது. "டேப்பு எல்லாருக்கும் ஒண்ணுதான். ஓட்டுதவன் கையும் காலும்லா வேற வேற" என்பார். முதலில் ஃபிரேமின் மேல் பாருக்கு இருபுறமும் காலைப் போட்டு நிற்கச் சொல்வார். பாருக்கு மேலே இரண்டு விரல் இடைவெளி வேண்டும். அடுத்து சீட்டில் உட்காரவைத்து, கீழே இறங்கிய பெடலில் குதிகாலை வைக்கச் சொல்வார். முட்டு மடங்கக் கூடாது, இடுப்பும் ஒரு பக்கம் சாயக் கூடாது. கடைசியாக, முழங்கையைச் சீட்டின் மூக்கில் ஊன்றி விரலை நீட்டச் சொல்வார். நடுவிரல் ஹேண்டில் தண்டைத் தொட வேண்டும்.

"தொடலயா? அப்பம் இது ஒங்க வண்டி இல்ல. வேற யாருக்கோ செஞ்சது" என்று வண்டியை நகர்த்திவிடுவார்.

கரிவலம்வந்தநல்லூர் துரைப்பாண்டி தம் மருமகனுக்குக் கல்யாணச் சீராகக் கொடுக்க இருபத்திநாலு இஞ்ச் கேட்டு வந்தபோது, "மாப்பிள்ளைய ஒரு எட்டு வரச் சொல்லுங்க" என்றார் அருமைநாயகம்.

"கல்யாணத்துக்கு முந்தி மாப்பிள்ளையக் கடைக்குக் கூப்பிட்டா அவுக என்னவே நெனப்பாக?"

"கூப்பிட வேண்டாம். எந்த ஊருன்னு மட்டும் சொல்லுங்க."

மறுநாள் வாசுதேவநல்லூருக்கு பஸ் ஏறிப் போய், மாப்பிள்ளை வந்து போகும் டீக்கடையை விசாரித்து, அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அவர் நடந்து வருவதையும் பெஞ்சைத் தாண்டி உட்காருவதையும் பார்த்துவிட்டுத் திரும்பினார். "இருபத்திரண்டு போதும்" என்றார். துரைப்பாண்டியின் முகம் சுருங்கியதைப் பார்த்து, கவுரவத்துக்கு ஒரு டைனமோ விளக்கைப் பூட்டிக் கொடுத்தார். அந்த மாப்பிள்ளை இன்றைக்கும் அதே வண்டியில்தான் போய்வருகிறார்.

ஆள் பேர் அவருக்கு நினைவில் நிற்காது. கிராம முன்சீப்பை "இருபத்திநாலு, கை நீளம்" என்றுதான் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனையில் எல்லாரும் முழங்காற்படியிடும்போது, முன்வரிசைக்காரரின் தொடை நீளத்தில் தம் மனம் போய்விடுவதாக அவரே ஒப்புக்கொள்கிறார். மகளுக்கு வரன் பார்த்துவிட்டு வந்த அன்று, "பையன் நல்லவன்தான். காலு மட்டும் ஒடம்புக்குச் சேரல" என்று சொல்லி, மனைவி சுந்தரபாயிடம் இரண்டு நாள் பேச்சு வாங்கினார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே ஒருமுறை அளவு தப்பியது. அதுவும் தப்பக் கூடாத இடத்தில்.

வள்ளித்தாய் குருவிகுளம் பக்கத்துக் கிராமங்களுக்கு நர்ஸ். அவள் பொறுப்பில் ஆறு ஊர். பஸ் போவது இரண்டுக்குத்தான். போன வருஷம், எழுபத்தொன்பது ஆடியில், ஒரு பிரசவத்துக்கு ஐந்து மைல் நடந்து போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்து, மூச்சில்லாமல் கிடந்தது. அரைமணி முன்னால் வந்திருந்தால் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. அவளாகவே சொல்லிக்கொண்டாள். அடுத்த வாரம் கடை வாசலில் வந்து நின்றாள்.

ஐந்தடி எட்டங்குல உயரம். கடையில் இருந்த லேடீஸ் சைக்கிளில் உட்கார்ந்ததும் முட்டு ஹேண்டிலில் இடித்தது. பெரிய ஃபிரேம் மதுரையிலிருந்துதான் வரவேண்டும். அதற்கு முன் அளவு வேண்டும். பெண்ணின் காலருகே எப்படிக் குனிந்து பார்ப்பது? அருமைநாயகம் சாக்கட்டியை எடுத்தார். அவளைச் சுவரோரம் நிற்க வைத்து, தலைக்கு நேரே ஒரு கோடு போட்டார். பிறகு ஒரு பெட்டியைச் சுவரோடு தள்ளி, அதில் நிமிர்ந்து உட்காரச் சொல்லி, இன்னொரு கோடு. நின்ற உயரத்திலிருந்து, பெட்டிக்கு மேலே வந்த உயரத்தைக் கழித்தால் மிச்சம் கால். இவ்வளவும் முடியும்வரை அவர் பார்வை சுவரைவிட்டு இறங்கவில்லை. முதலாளி முகம்மது மைதீனே, "அண்ணாச்சி, இப்படி ஒரு வழி இருக்கா?" என்று அசந்துபோனார்.

சைக்கிள் வந்தது. சீட்டை அந்த அளவுக்கே வைத்துப் பூட்டிக் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து வள்ளித்தாய் நொண்டிக்கொண்டு வந்தாள்.

"அண்ணாச்சி, முட்டு வலி தாங்க முடியல. பஸ் போற ஊரா மாத்திக் கேட்டு மனு எழுதிட்டேன். நாளக்கழிச்சு அனுப்பிருவேன்."

"முன்னாலயா வலிக்கு, பின்னாலயா?"

"பின்னால."

முன்னால் வலித்தால் சீட்டு தாழ்ந்திருக்கிறது, பின்னால் வலித்தால் உயர்ந்திருக்கிறது. இது அவருக்குப் பால பாடம். சுவரில் கோடுகள் அழியாமல் இருந்தன. மறுபடி அளந்தார். சீட்டை அளந்தார். ஒரு நூல் பிசகில்லை. அவளை ஏற்றிவைத்துப் பார்த்தார். குதிகால் பெடலில் சரியாகப் பதிகிறது என்று அவளே சொன்னாள். அளவு சரி, வலியும் நிஜம். அவள் போனபின் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"எல்லாருக்குமா ஒத்துக்கிடும் அண்ணாச்சி? அந்தம்மா ஒடம்பு அப்படி" என்றார் முகம்மது மைதீன்.

"ஒடம்புக்குத்தான மொதலாளி வண்டி. ஒடம்பக் குத்தம் சொன்னா நான் எதுக்கு?"

மறுநாள் விடியவும் தம் சைக்கிளை எடுத்துக்கொண்டு குருவிகுளம் பக்கம் போனார். மழை விட்டு இரண்டு நாள். அவள் ஊர்களுக்குப் போகும் கரிசல் வண்டிப்பாதையில் மேல்மண் காய்ந்து, உள்ளே இன்னும் நெகிழ்ந்து கிடந்தது. பள்ளங்களில் சகதி. ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு நின்றார். அரைமணி கழித்து தூரத்தில் வெள்ளைச் சேலை தெரிந்தது. ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இப்படியும் அப்படியும் சரிந்து, கூடவே வண்டியும் சாய்ந்து சாய்ந்து வந்தது. கடையில் உட்கார வைத்துப் பார்த்தபோது இந்தச் சரிவு இல்லவே இல்லை. அருகில் வந்ததும் அருமைநாயகம் முதல்முறையாக அவள் பாதத்தைப் பார்த்தார். வெறுங்கால்.

"ஷூ எங்க நர்சம்மா?"

அவளுக்கு நிற்க நேரமில்லை. "பைக்குள்ள இருக்கு. இந்தச் சகதியில போட்டா என்னத்துக்கு ஆகும்? பிரசவ வீட்டு வாசல்ல காலக் கழுவிட்டு மாட்டிக்கிடுவேன். நான் போகணும் அண்ணாச்சி, மாடத்திக்கு வலி எடுத்திட்டாம், ஆள் வந்து சொல்லிட்டுப் போறாக."

"அத ஒரு தடவ காட்டுங்க."

பையிலிருந்து வெள்ளை ஷூவை எடுத்துக் கொடுத்தாள். அருமைநாயகம் அதன் குதியோடு தம் கட்டைவிரலைச் சேர்த்துவைத்துப் பார்த்தார். முழுசாக ஒரு இஞ்ச்.

"கடைக்கு வந்தப்பல்லாம் இதப் போட்டுத்தான வந்தீய?"

"டவுனுக்கு வெறுங்காலோட எப்படி வாரது?"

அவர் ஷூவைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "பொம்பளப் பிள்ள காலப் பாக்கக் கூடாதுன்னு சொவரயே பாத்துக்கிட்டு நின்னுட்டேன். இந்த ஒரு இஞ்சயும் ஒங்க காலோட சேத்து அளந்துட்டேன். தப்பு ஒங்க முட்டுல இல்ல, எங்கிட்ட. மூணு நிமிசம் குடுங்க" என்றார்.

சீட்டின் அடியில் ஸ்பேனரைப் போட்டார். சேறு இறுகி, நட்டு அசைய மறுத்தது. வேட்டி முனையால் துடைத்து, உடம்பைக் கொடுத்துத் திருகினார். உள்ளங்கையில் தோல் பிய்ந்தது. சீட்டை ஒரு கட்டைவிரல் அளவு இறக்கி, மறுபடி முறுக்கி, அதன்மேல் ஓங்கி ஒரு அடி அடித்துப் பார்த்தார். அசையவில்லை.

"ஏறுங்க. வெறுங்காலோடயே மிதிங்க."

ஒரு காலைப் பெடலில் வைத்து உந்தி ஏறினாள். பத்து மிதி போனதும் அவள் தலை ஒருகணம் திரும்புவது போல இருந்தது. ஆனால் திரும்பவில்லை. வேகம் கூடியது. கம்பங்காட்டு வளைவில் வெள்ளைச் சேலை மறைந்துவிட்டது.

மாடத்திக்குப் பெண் குழந்தை பிறந்து வீறிட்டு அழுததும், மாற்றல் மனுவை வள்ளித்தாய் நான்காகக் கிழித்ததும், அடுத்த வாரம் அவளே கடைக்கு வந்து சொல்லித்தான் தெரியும். அன்றைக்கு அருமைநாயகத்துக்குப் படிக்கக் கிடைத்தது கரிசல் மண் மட்டுமே. அவர் குந்தி உட்கார்ந்து பார்த்தார். வேப்பமரம் வரைக்கும் வந்த சக்கரத் தடம், குடித்தவன் நடந்து வந்தது போல இடமும் வலமுமாக நெளிந்திருந்தது. மரத்தைத் தாண்டிப் போன தடம், நூல் பிடித்தது போல நேராக இருந்தது.

எழுந்து தம் வண்டியின் ஸ்டாண்டைத் தட்டினார். அவர் வந்த ஒற்றையடிப்பாதை, வண்டிப்பாதைக்கு அந்தப்பக்கம் மரத்தைத் தாண்டிப் பிரிகிறது; திரும்பிப் போக, குறுக்கே கடந்தாக வேண்டும். உருட்டினால் அவர் சக்கரம் அந்தத் தடத்தை வெட்டும். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இருபத்திநாலு இஞ்ச் வண்டியை முழுசாகத் தோளுக்குத் தூக்கிக்கொண்டு, காலை அகட்டி வைத்து அந்தக் கோட்டைத் தாண்டி, மறுபக்கம் போய் மெதுவாக இறக்கி வைத்தார்.