கவிழ்க்காத குழாய்கள்

ரத்தம் எடுக்கும் பிரிவில் அவருக்குக் ‘கொசு’ என்று பெயர். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். இருபத்தாறு வருடமாக ஊசி பிடித்த கை. எவ்வளவு ஒல்லியான நரம்பானாலும் ஒரே குத்தில் பிடித்துவிடுவார். “குத்திட்டீங்களா?” என்று நோயாளி கேட்கும்போது பஞ்சை வைத்து அமுக்கிக்கொண்டிருப்பார். அதில் ஆசாமிக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

ஆஸ்பத்திரிக்கு ஓர் ஆராய்ச்சி வந்தபோது கஷ்டமான கைகளையெல்லாம் அவரிடமே தள்ளினார்கள். காலில் ரத்தம் உறைந்து, படுத்து எழுந்தவர்கள் நூற்றுச் சொச்சம் பேர் கொசுவின் பங்கு. உறைதலே வராதவர்கள் அதே அளவு. அவர்களைப் பக்கத்து அறை நர்ஸ் பார்த்துக்கொண்டார். இரண்டு கூட்டத்தின் ரத்தத்திலும் எந்த ஜீன் மும்முரமாக வேலை செய்கிறது, எது சும்மா கிடக்கிறது என்று ஒப்பிட்டால், யாருக்கு உறைதல் வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பதுதான் கேள்வி. நடத்தியது ஓர் இளம் டாக்டரம்மா.

இதற்கென்றே தனிக் குழாய், உள்ளே ஒரு திரவம். ரத்தம் விழுந்ததும் மெதுவாகப் பத்து முறை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். அப்போதுதான் ஜீன்களின் வேலை அந்த நிமிடத்தில் இருந்தபடியே நிற்கும். இல்லாவிட்டால் ரத்தம் குழாய்க்குள்ளேயே தன் போக்கில் மாறிவிடும். டாக்டரம்மா இதைச் செய்து காட்டியபோது கொசு கடைசி வரிசையில் கொட்டாவி விட்டார். எனக்கே பாடமா என்ற நினைப்பு. குழாயை நிரப்பியதும் ஸ்டாண்டில் செருகிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். படிவத்தில் ‘கவிழ்த்த தடவை’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் மட்டும் காலையிலேயே எல்லாத் தாளிலும் பத்து, பத்து என்று எழுதி அடுக்கி வைத்துவிடுவார்.

ஒரே ஒரு குழாயை மட்டும் எண்ணிக் கவிழ்த்தார். அது அவர் மனைவியுடையது. இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்குக் காலில் ரத்தம் உறைந்து, நுரையீரல்வரை ஏறி, பிழைத்ததே பெரும்பாடு. அந்தக் குழாயை அவர் கைக்குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கினார்.

எட்டு மாதம் கழித்து ஒரு நாள் டாக்டரம்மா துள்ளிக் குதிக்காத குறையாக வந்தார். அன்றைக்குப் பரிசோதனைக்கு வந்த மனைவியும் கொசுவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“அண்ணா, ரெண்டு குரூப்புக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்! ஒரே ஒருத்தரைத் தவிர. உறைஞ்ச குரூப்ல ஒரு ரத்தம் மட்டும் அச்சு அசலா ஆரோக்கியமானவங்க ரத்தம் மாதிரி இருக்கு. பேர் சொல்லக் கூடாதுதான்… நம்ம அண்ணியோடதுதான் அது!”

கொசுவின் முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்து அறை நர்ஸ் குழாய்களைக் கவிழ்த்திருக்கிறார், தான் கவிழ்க்கவில்லை; வித்தியாசம் நோயில் இல்லை, தன் கையில் இருக்கிறது என்று அவருக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. ஆனால் வாய் என்னவோ, “ரொம்பச் சந்தோஷம் மேடம்” என்றுதான் சொன்னது.

நாலு நாள் தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிப் பார்த்தார். வேறு காரணம் இருக்காதா? மெஷின் தப்பாக இருக்கக் கூடாதா? கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. சவரம்கூட அரைகுறையாகத்தான் செய்தார்.

ஐந்தாம் நாள் காலை, சாப்பாட்டு மேஜையில் கிடந்த, ரத்தம் உறையாமலிருக்க மனைவி தினமும் போடும் மாத்திரை அட்டை கண்ணில் பட்டது. கணக்குக்கு நாலு மாத்திரை கூடுதலாக இருந்தது.

“மாத்திரை போடலையா?”

“எதுக்குங்க? அதைப் போட்டா பல் தேய்ச்சாலே ரத்தம் வருது. என் ரத்தம் நல்லாயிடுச்சுன்னு அந்தப் பொண்ணே சொல்லிட்டா. நீங்களும் சந்தோஷம்னுதானே சொன்னீங்க?”

அவர் மாத்திரையைப் பிரித்து அவள் கையில் வைத்தார். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார். உன் ரத்தம் நல்லாகவில்லை, உன் குழாயை மட்டும்தான் நான் ஒழுங்காகக் கவிழ்த்தேன், மற்றது எல்லாம் பொய் என்று. இந்த மனுஷன் தன்மேல் எவ்வளவு உயிராக இருக்கிறார் என்று அவள் நெகிழ்ந்துபோவாள் என ஒரு நப்பாசைகூட அவருக்கு இருந்தது. வெட்கங்கெட்ட நப்பாசை.

அவள் மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்தாள்.

“மத்தவங்களும் என்னை மாதிரிதானே கால் வீங்கி வந்திருப்பாங்க?” என்றாள்.

அன்றே டாக்டரம்மாவிடம் போய் நின்றார். தலை நிமிரவில்லை. திட்டினால் தேவலை என்றிருந்தது. அந்தப் பெண் திட்டவில்லை. கணினியில் திறந்திருந்ததை மூடிவிட்டு, “இந்த வாரம் கட்டுரையை அனுப்பறதா இருந்தேன்” என்றார். பிறகு, “எல்லாரையும் திரும்பக் கூப்பிடணும். லேப்ல ஒரு கோளாறுன்னு சொல்லிக்கலாம்.”

“கோளாறு இல்ல மேடம், என் தப்பு. நானே போன் பண்ணி அப்படியே சொல்றேன்.”

சொன்னாரே தவிர, உடனே உத்தமராகிவிடவில்லை. முதல் மூன்று பேரிடமும் ‘கோளாறு’ என்றுதான் நாக்கு புரண்டது. மூன்று பேரும் காரணம் கேட்காமல், என்றைக்கு வர வேண்டும் என்று மட்டும் கேட்டார்கள். அது இன்னும் குத்தியது.

நாலாவது எண்ணில் ஒரு பெண் எடுத்தாள். அப்பா போன மாதம் தவறிவிட்டார், மறுபடி காலில்தான் உறைந்தது என்றாள்.

“ஆராய்ச்சிக்கு ரத்தம் குடுத்ததுல அப்பாவுக்கு அவ்வளவு பெருமை சார். நாலு பேருக்கு உதவும், உதவும்னு சொல்லிக்கிட்டே இருந்தார். உதவிச்சா?”

உதவியது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாருக்கும் தெரியப்போவதில்லை. கொசு கண்ணை மூடிக்கொண்டார்.

“இல்லம்மா. உதவல. நான்தான் அலட்சியத்துல வீணாக்கிட்டேன்.”

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

“அம்மா பக்கத்துலதான் இருக்காங்க. உதவிச்சுன்னுதான் அவங்ககிட்ட சொல்லப்போறேன். தயவுசெஞ்சு இந்த நம்பருக்கு இனிமே கூப்பிடாதீங்க.”