எதிரில் ஆளில்லாத பதினேழு வெற்றிகள்

என் தம்பி மகள் ரென்னியைப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் "ஆறு பாயிண்ட்" என்றுதான் கூப்பிடுவார்கள். "ஆறு பாயிண்ட் ஏறியாச்சு, வண்டிய எடுக்கலாம்" என்று பஸ்ஸில் ஒருவன் சொல்வான், மற்றவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். அதில் விரோதம் கிடையாது. ஆனால் அந்தக் குளிர்காலம் முழுக்க அவளுக்குப் பக்கத்து இருக்கையில் அவளுடைய பைதான் உட்கார்ந்து போனது.

அயோவாவில் எங்கள் ஸ்டெர்லிங் ஃபோர்க்கில் குளிர்காலப் பேச்சு மூன்றுதான்: சோளம், பன்றி, மல்யுத்தம். சோளம் அப்போது வயலில் இருக்காது, பன்றியைப் பற்றி ரொம்ப நேரம் பேசவும் முடியாது. ஆகவே மல்யுத்தம்.

தம்பி டுவேன் இறைச்சி லாரி ஓட்டிக்கொண்டு கலிஃபோர்னியாவுக்குப் போய் வருகிறவன். ரென்னிக்கு ஐந்து வயதில் அவள் அம்மா டல்சாவுக்குப் போனாள், போனது போனதுதான். பெண் என் வீட்டு மாடியறையில் வளர்ந்தாள். எனக்குப் பிள்ளைகள் இல்லை. பள்ளிச் சமையலறையில் வேலை.

ஏழு வயதில் அவளை மல்யுத்த கிளப்பில் சேர்த்தவன் டுவேன். பெரிய லட்சியம் எதுவும் இல்லை. வாரம் முழுக்க ஓட்டிவிட்டு வந்தவனுக்குச் சனிக்கிழமை காலை பிள்ளையை எங்காவது விட்டுவிட்டுத் தூங்க வேண்டியிருந்தது. அந்த வயதில் பையன் பெண் என்று யார் பார்க்கிறார்கள்? உருண்டார்கள், கடித்தார்கள், அழுதார்கள், பிறகு ஒன்றாக உட்கார்ந்து பாப்கார்ன் தின்றார்கள். பன்னிரண்டு வயதில்தான் ஒவ்வொருவனாக விலக ஆரம்பித்தான். ஒரு அம்மா கடையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பா நெனைக்காதீங்க லோர்னா, எங்க பையனுக்குக் கூச்சமா இருக்காம்" என்றாள். இதில் தப்பாக நினைக்க என்ன இருக்கிறது!

உயர்நிலைப் பள்ளியில் ஒரு எடைப் பிரிவுக்கு ஒரே ஒருவர்தான் இறங்க முடியும். நூற்று மூன்று பவுண்டு, எல்லாவற்றிலும் எடை குறைந்த பிரிவு. அதில் மூன்று வருஷமாக வெஸ் டாம்செக் உட்கார்ந்திருந்தான். பயிற்சியில் அவனுக்கு ஜோடி ரென்னி. வெஸ் அவளை ஒரு நாளும் பொத்திப் பொத்திப் பிடித்ததில்லை. மூக்கில் ரத்தம் வந்தால், "தொடச்சுட்டு வா, இன்னும் முடியல" என்பான். அவன் படிப்பு முடிந்து கடற்படைக்குப் போனான். கடைசி வருஷத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது, ஜோடி போய்விட்டது. அடுத்த பிரிவான நூற்றுப்பன்னிரண்டில் எங்களுக்கு ஆளே இல்லை. அதற்கு மேலே இருந்தவர்கள் தங்களுக்குள் ஜோடி சேர்ந்துகொண்டார்கள். அவள் கூடத்தின் மூலையில் பயிற்சிக்கான தோல் பொம்மையைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

முதல் போட்டி டிசம்பரில். நான்கு நாள் அரைவயிறு. முட்டையின் வெள்ளைக்கரு, பாதி ஆரஞ்சு. அந்தப் பாதியையும் தராசில் வைத்துத்தான் தின்பாள். எடை பார்க்கும்போது பையன்கள் கூடத்தில் வரிசையாக ஜட்டியோடு நின்று ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொண்டிருப்பார்கள். பெண்ணுக்கு ஒரு பெண்தான் எடை பார்க்க வேண்டும் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. நர்ஸ் அறையில் அவளும் நானும் எதிர்ப்பள்ளி டீச்சர் ஒருத்தியும். நூற்றிரண்டு முக்கால். டீச்சர் எழுதிக்கொண்டாள். "வாழ்த்துகள்" என்று எதற்கோ சொன்னாள்.

மைக்கில் அவள் பெயர் வந்தது. கோட்டைக் கழற்றினாள், தலைக்காப்பை மாட்டினாள், கணுக்காலில் பச்சைப் பட்டையைச் சுற்றிக்கொண்டு ஓடிப்போய் நடுவட்டத்தில் நின்றாள். எதிர்ப்பக்கத்து நாற்காலியில் அவளுடைய எடைக்காரப் பையன் கோட்டோடு உட்கார்ந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாக்ஓவர், அதாவது எதிராளி இறங்காததால் மோதாமலே வெற்றி. நடுவர் அவள் கையைத் தூக்கினார். பத்துப் பேர் கைதட்டினார்கள். அவள் பட்டையை அவிழ்த்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து கோட்டை மாட்டிக்கொண்டாள். எங்கள் கணக்கில் ஆறு பாயிண்ட்.

இப்படியே பதினேழு. ஒவ்வொரு ஊரிலும் ஒரு காரணம். பெண் மேல் கை வைக்கக் கூடாது என்று சிலர் வீட்டில் வளர்ப்பு. சிலருக்குச் சபை வழக்கம். சிலருக்கு வெறும் பயம். ஜெயித்தால் பெருமை இல்லை, தோற்றால் கல்யாணத்தன்று கூட நண்பர்கள் சொல்லிக் காட்டுவார்கள். ஒருவரும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. ஓர் அப்பா என்னிடம் வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு மன்னிப்புக்கூடக் கேட்டார்.

டுவேன் எங்கோ பெட்ரோல் பங்கிலிருந்து போன் செய்வான். "ஜெயிச்சாளா?"

"ஜெயிச்சா."

"எப்படி?"

"நின்னா. கையத் தூக்கினாங்க."

"ஓ, மறுபடியுமா" என்பான். பிறகு சாலையில் பனி எப்படி என்று பேசுவோம்.

கிறிஸ்துமஸ் சமயத்துப் பெரிய போட்டியிலிருந்து திரும்பும்போது காரில் அவள் வழக்கத்துக்கு மாறாகப் பேசினாள். ஹாலோவே ஊர்ப் பள்ளியின் நூற்றுப்பன்னிரண்டுக்காரன் கிளேட்டன் ரூஸ் தண்ணீர்க் குழாயருகே அவளிடம் பேசினானாம்.

"'உன்கூட ஏன் யாரும் மோத மாட்டேங்கறாங்க'ன்னு கேட்டான் அத்தை. நீ மோதுவியான்னேன். 'எங்க வீட்ல மூணு அக்கா. பாத்ரூமுக்கே சண்ட போட்டுத்தான் போகணும். நீ என்ன பெரிய இவளா?'ன்னான்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணாடியில் அவள் சிரிப்பது எனக்குத் தெரிந்தது.

மறுநாளே கோச் டிரிஸ்கலிடம் போய், அடுத்த பிரிவில் இறக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். எடை குறைவாக இருப்பவர் ஒரு படி மேலே இறங்கலாம், தடையில்லை. டிரிஸ்கல் கெட்டவர் அல்ல. இருபத்திரண்டு வருஷமாக மாநிலப் போட்டியின் வாசலைப் பார்க்காத அணியை வைத்துக்கொண்டு காத்திருப்பவர்.

"கையில இருக்கிற ஆறு பாயிண்ட விட்டுட்டு எதுக்கும்மா?" என்றாராம். "நீ சும்மா நின்னாலே ஜெயிக்கிறோம். அது எத்தன பேருக்குக் கெடைக்கும்?"

அவள் அதற்கப்புறம் கேட்கவில்லை.

பிப்ரவரி முதல் வாரம், செவ்வாய்க்கிழமை, ஹாலோவே அணி எங்கள் கூடத்துக்கு வந்தது. ஜெயிக்கிற அணி மாநிலப் போட்டிக்குப் போகும். ரென்னிக்கு அதுதான் சொந்த ஊர்க் கூடத்தில் கடைசிப் போட்டி. ஊரில் சாயங்காலம் கடைகளை மூடுவதாகப் பலகை எழுதி வைத்துவிட்டார்கள்.

அன்று மதியம் பள்ளியில் பீன்ஸும் இறைச்சியும் போட்ட சில்லிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரோலும். அந்த மெனு வருகிற நாளில் ஆசிரியர்கள்கூட வீட்டுச் சாப்பாட்டை மறந்துவிட்டு வரிசையில் நிற்பார்கள். நான் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். தட்டு ஒன்று முன்னால் நீண்டது. நிமிர்ந்தால் ரென்னி. நவம்பருக்குப் பிறகு அவள் அந்த வரிசைப் பக்கம் வந்ததே இல்லை.

"என்னடி?"

"சில்லி போடுங்க அத்தை."

"இன்னிக்கு எடை பாக்கணும்."

"தெரியும். ரோல் ரெண்டு."

பின்னால் பையன்கள் இடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் முகத்தைப் பார்த்தேன். பசியால் வந்தவள் முகம் இல்லை அது; அளந்து முடிவெடுத்தவள் முகம். கிண்ணம் நிறைய ஊற்றினேன். ரோல் இரண்டு வைத்தேன். மூலை ரோல், அதில்தான் சர்க்கரைப் பாகு அதிகம். அவள் போய்த் தனி மேஜையில் உட்கார்ந்து கடைசிச் சொட்டு வரை வழித்துத் தின்றாள். இரண்டு பாக்கெட் பாலும் குடித்தாள்.

மூன்று மணிக்கு டிரிஸ்கல் ஒத்திகைக்கு எடை பார்க்கச் சொன்னார். நர்ஸ் அறையில் தராசு நூற்று ஐந்தைத் தொட்டது. வெளியே வந்து சொன்னேன். அவர் முகம் வெளுத்தது.

"சரி சரி, பயப்படாதே" என்றார், பயந்தவர் அவர்தான். "ரெண்டு மணி நேரம் இருக்கு. ரெண்டு ஸ்வெட்டர் மாட்டிக்கோ, ஓடு. எச்சி துப்பு. ரெண்டு பவுண்டு என்ன பெரிசு, நான்லாம் ஏழு எறக்கியிருக்கேன்."

"ஓட மாட்டேன் கோச்."

"என்ன?"

"தெரியாம சாப்பிடல. சாப்பிடணும்னுதான் சாப்பிட்டேன். நூத்திப்பன்னெண்டுல எறங்கறேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "லோர்னா, நீங்கதான் போட்டீங்களா?"

"வரிசையில வந்தா. போட்டேன்."

"எத்தன பேரு காத்துக்கிட்டிருக்காங்கன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் கோச்" என்றது அவள், நான் அல்ல. "அவங்க எல்லாரும் மல்யுத்தம் பாக்க வர்றாங்க. நான் மட்டும்தான் அங்க போய் நிக்க வர்றேன்."

டிரிஸ்கல் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றினார், மறுபடி மாட்டினார். "எழுதிக்கறேன். நூத்திப்பன்னெண்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் கூடம் நிரம்பி வழிந்தது. முதலில் நூற்று மூன்று. எங்கள் பக்கத்தில் ஆளில்லை. ஹாலோவேயின் சின்னப் பையன், மைக்கா என்று பெயர், கோட்டோடு உட்கார்ந்திருக்க வந்தவன், அவசரமாக அதைக் கழற்றிவிட்டு நடுவட்டத்துக்கு ஓடினான். அவன் கையைத் தூக்கினார்கள். அவன் கண் எங்கள் பக்கம் ஒரு தரம் வந்துவிட்டுப் போனது. இப்படித்தான் இருக்குமா என்று கேட்பது போல. கூட்டத்தில் முணுமுணுப்பு. எனக்குப் பின்னால் ஒருத்தர் சத்தமாகவே, "எங்கய்யா நம்ம ஆறு?" என்றார்.

அடுத்து அவள் பெயர். எதிரிலிருந்து கிளேட்டன் ரூஸ் எழுந்து வந்தான். பெரிய காதுகள், மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கை கொடுத்தார்கள். விசில் அடித்தது.

பத்து வினாடியில் அவளைக் கீழே கொண்டுவந்துவிட்டான். கொஞ்சமும் தயங்கவில்லை, அக்காக்களோடு வளர்ந்தவன்தான். அவள் உருண்டு விடுபட்டாள். மறுபடி கீழே. முழங்கையால் அவள் கன்னத்தை விரிப்பில் வைத்துத் தேய்த்தான். இரண்டாவது சுற்றில் அவள் அவன் காலைப் பிடித்துத் தள்ளி மேலே ஏறினாள். கூடத்தில் யாரோ கத்தினார்கள். நானாகவும் இருக்கலாம். மூன்றாவது சுற்றில் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. அவன் கை தளர்ந்த ஒரு கணத்தில் அவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள். எடை போதவில்லை. தோல் பொம்மை ஒரு நாளும் திருப்பித் தள்ளியதில்லை அல்லவா. முழு ஆறு நிமிஷம். ஏழுக்கு நாலு; இப்படி ஜெயித்தால் அணிக்கு மூன்று பாயிண்ட். அவன் கையைத்தான் தூக்கினார்கள். அவள் அருகில் நின்று, நெஞ்சு ஏறி இறங்க, அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா கடிக்கற" என்றான் ரூஸ்.

"கடிக்கல. உன் காது வாயில வந்து விழுந்துச்சு."

அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள்.

எல்லாப் பிரிவும் முடிந்தபோது எங்கள் அணி ஏழு பாயிண்டில் தோற்றிருந்தது. அங்கிருந்த எல்லோருக்கும் கூட்டிக் கழிக்கத் தெரியும். அவள் வழக்கம்போல நூற்று மூன்றில் போய் நின்றிருந்தால் எங்களுக்கு ஆறு, ஆளில்லாத நூற்றுப்பன்னிரண்டில் அவர்களுக்கு ஆறு, சரிக்குச் சரி; அவர்களுக்குப் போன ஒன்பது போயிருக்காது, இரண்டு பாயிண்டில் ஜெயித்திருப்போம். அணித்தலைவன் ப்ரெண்டன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவனுக்கும் அதுதான் கடைசி வருஷம். அதை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன்.

வாசலில் நின்ற ஆண்கள் எங்களுக்கு வழி விட்டார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். வீட்டில் அவள் கன்னத்துக் காயத்துக்கு மருந்து எடுத்தேன்.

"வேணாம் அத்தை. ரெண்டு நாள் இருக்கட்டும்."

மறுநாள் மதியம் வரிசையில் ப்ரெண்டன் என் முன்னால் வந்து நின்று, "அவளுக்குப் போட்டது போக எங்களுக்கு ஏதாவது மிச்சமிருக்கா, லோர்னா?" என்றான். உருளைக்கிழங்கு வைத்தேன். நியாயமான கேள்வி. அவள் கன்னத்தில் பொருக்கோடு வந்து, வாங்கிக்கொண்டு போய், தனி மேஜையில் தின்றாள். சீசன் முடிகிற வரை அப்படித்தான்.

சனிக்கிழமை தனிநபர் போட்டியில் டிரிஸ்கல் அவள் பெயரை நூற்றுப்பன்னிரண்டிலேயே கொடுத்திருந்தார். இரண்டு பேர் அவளோடு மோத ஒத்துக்கொண்டார்கள். இரண்டு பேரிடமும் தோற்றாள். அதோடு முடிந்தது. பெண்களுக்கென்று தனிப் போட்டியெல்லாம் வந்தது பின்னால்.

இப்போது அயோவாவிலேயே வாட்டர்லூ நகரத்தில் தனியாக இருக்கிறாள். டிராக்டர் என்ஜின்களைச் சோதிக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். அந்த மூன்று தோல்விகளையும் ஆள் பெயரோடு, யார் எந்தப் பக்கம் சாய்ந்தான் என்பது வரை சொல்வாள்.

போன கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது மளிகைக் கடையில் பழைய கூட்டத்து ஆள் ஒருவர் அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

"அந்த வருஷம் நாம மாநிலத்துக்குப் போயிருக்க வேண்டியது" என்றார். வயதான மனுஷன், குரலில் கோபம்கூட இல்லை.

"ஆமா" என்றாள் ரென்னி. "போயிருக்கலாம்."

அவர் இன்னும் ஏதாவது வரும் என்று கொஞ்சம் நின்றார். அவள் பால் டப்பாவின் தேதியைத் திருப்பிப் பார்த்து, சரியாக இருந்ததால் கூடையில் வைத்தாள்.