நாலடிப் பை

அக்கா தைப்பது கைப்பிடி மட்டும். அவள் வேலை செய்யும் ஆலையில் ஒரு பையை முழுதாக யாரும் தைப்பதில்லை. ஒருத்தி ஜிப், ஒருத்தி ஓரம், அக்கா கைப்பிடி. கைப்பிடியின் அடியில் ஒரு கட்டம், அதற்குள் குறுக்கே இரண்டு தையல். எவ்வளவு கனம் தூக்கினாலும் பிய்யாது. கடைசியாகத் தன் எண் போட்ட துண்டுத் துணியை வெளியே தெரியும்படி செருகிவிட வேண்டும். அவள் எண் 47. பதினாறு வருஷம் அப்படித் தைத்துத்தான் என்னை எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி ஆக்கினாள்.

போர் தொடங்கிய மூன்றாம் மாதம் ராணுவத்துக்கென்று நீளப் பைகள் தைக்கச் சொன்னார்கள். ஏழடி, ஆறு கைப்பிடி. கூடாரம் வைக்கிற பை என்றார் சூப்பர்வைசர்.

"சுருட்டின கூடாரத்தை ரெண்டு பேர் தூக்கிடலாமே, எதுக்குடி ஆறு பேர்?" என்று வீட்டில் என்னிடம் கேட்டாள் அக்கா. நான் போரின் பொருளாதாரக் காரணங்களை விளக்கினேன். நினைத்தால் இப்போது கூசுகிறது.

பிறகு ஒரு நாள் அளவு மாறியது. நாலடி, நாலு கைப்பிடி.

"நாலடியில யாரு சார் கூடாரம் போடுறாங்க?"

"தைச்சமா, வீட்டுக்குப் போனமான்னு இரும்மா."

அன்றைக்கு முப்பது பை. வீட்டுக்கு வந்து, "முப்பது பிள்ளைங்கடி" என்றாள். சாப்பிடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை போரை நிறுத்தச் சொல்லி நகரமே திரளும் ஊர்வலம். போகிறவர்களுக்கு வேலை இல்லை என்று ஆலை வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அந்த நோட்டீஸைப் படித்துவிட்டு வந்த அக்கா, வெள்ளைப் படுக்கை விரிப்பை வெட்டி, வீட்டு மெஷினில் ஒரு பை தைத்தாள். நாலடி. முதல்முறையாக ஒரு பையை முழுதாகத் தைத்தாள்.

ஊர்வலத்தில் பிடிக்க நான் எழுதிய அட்டையைப் பார்த்துச் சிரித்தாள். "இதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள ஊர்வலமே போய்டும்டி."

தெருவை அடைத்துக்கொண்டு நின்றது கூட்டம். பையின் முன் கைப்பிடிகளை நானும் அக்காவும் பிடித்தோம். என் மறு கையில் அட்டை. பின்னால் முன்பின் தெரியாத இரண்டு பெண்கள். கண்ணாடி போட்ட தொண்டர் ஒருவர் ஓடி வந்தார்.

"பேனரை விரிச்சுப் பிடிங்கம்மா, எழுத்துத் தெரியட்டும்."

"இது விரிக்கிறதுக்கு இல்லைங்க, தூக்குறதுக்கு."

நடைபாதையில் நின்ற ஒருவன், "என்னக்கா, அழுக்குத் துணியா? லாண்டரி அந்தப் பக்கம்!" என்று கத்தினான்.

"உன் வீட்டுச் சின்னப் பிள்ளை எவ்வளவு உயரம்ப்பா?" என்றாள் அக்கா. அவன் பையைப் பார்த்தான். மறுபடி பார்த்தான்.

அப்போதுதான் என் விரலில் அது தட்டுப்பட்டது. கைப்பிடியின் அடியில், துணித் துண்டில், 47.

"அக்கா! நம்பர்!"

அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. தையல் டப்பாவில் கிடந்த நம்பர் துண்டைக் கை பழக்கத்தில் செருகிவிட்டிருக்கிறது. நூல் வெட்டும் கத்தரி எப்போதும் போல அவள் கழுத்தில் தொங்கியது. எடுத்தாள். எதிரே ஒரு கேமரா எங்களை நோக்கித் திரும்பியது. கத்தரியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்தாள்.

மறுநாள் பத்திரிகையில் பை, அக்கா, 47 எல்லாம் தெளிவாக இருந்தன. என் முகம் இல்லை, அட்டை மறைத்திருந்தது. அடுத்த வாரம் எனக்கு ஒரு நேர்முகத் தேர்வு இருந்தது. அட்டை தானாக உயர்ந்ததா, நான் உயர்த்தினேனா? இன்றுவரை எனக்கு நேர்மையான பதில் கிடைக்கவில்லை.

ஆலையில் நடந்ததைப் பக்கத்து மெஷின்காரி வந்து சொன்னாள். மேனேஜர் அக்காவை எல்லார் முன்னாலும் நிற்க வைத்தாராம். பிள்ளைகளை வைக்கப் பை தைக்கச் சொன்ன மனுஷன், ஆலைக்கு அவமானம் என்று அரை மணி நேரம் கத்தியிருக்கிறார். கடைசியில் இறங்கி வந்தாராம்: "ஊர்வலம் போனதை விட்டுடறேன். அந்தப் பையை நீ தைக்கல, யாரோ உன் நம்பரைத் திருட்டுத்தனமா போட்டாங்கன்னு எழுதிக் குடு. வேலை இருக்கும்."

அக்கா அவர் கையிலிருந்த பத்திரிகையை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாளாம்.

"என் தையல்தான் சார். பிய்யாது. சந்தேகம்னா உங்க பிள்ளையை வெச்சுத் தூக்கிப் பாருங்க."