குறுக்கு வெட்டும் மார்லிட்டின் கட்டைவிரலும்

மார்லிட் செய்ஃபெர்ட் வயலின் வில் இழைப்பவள். ஜெர்மனியில் அவள் ஊரான மார்க்நொய்கிர்ஷனில் பாதி ஊருக்கு வயலின்தான் பிழைப்பு. சீவுளியை அழுத்துவது அவளுடைய வலது கட்டைவிரல். வில் குச்சியின் வளைவைத் தடவிப் பார்த்து, போதும் என்று நிறுத்துவதும் அதே விரல்தான். நாற்பத்தெட்டு வயதில், கணவன் விட்டுப்போன வருஷம், பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் வியாழன்தோறும் நீள்வாள் பழகுகிற கூட்டத்தில் சேர்ந்தாள். ஆனால் வாளைவிட, அந்த வித்தையைச் சொல்லும் பழைய ஏட்டைத்தான் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஏடு எழுதி அறுநூறு வருஷம் ஆகிறது. குறுக்கு வெட்டுக்கு அதில் மூன்றே வரி. எதிராளி மேலிருந்து தலைக்கு வெட்டினால் வலப்பக்கம் பாய். கட்டைவிரலை வாளின் அடியில் வை. கிடையாக அவன் தலைக்கு வெட்டு. கைகள் எந்த உயரத்தில் என்று ஒரு சொல் இல்லை. தலைக்கு மேலே, இல்லாவிட்டால் வெட்டு விரலில் விழும் என்றார்கள் எல்லோரும். நெஞ்சுக்கு நேரே என்றாள் மார்லிட். மூன்று வருஷமாகத் தன் கூட்டாளி ஃபோல்க்மாருடன் வாள் மோதி அதை நிரூபித்துக்கொண்டிருந்தாள். ஒருமுறைகூடத் தவறியதில்லை. வரும் ஞாயிறு டிரெஸ்டனில், நூறு பேர் முன்னால், முன்பின் தெரியாத ஒருவனின் முழுவேக வெட்டுக்கு எதிரே செய்துகாட்ட ஒப்புக்கொண்டிருந்தாள்.

அந்த வியாழன் ஜன்னலெல்லாம் பனிமூட்டம். பஸ் ஓட்டுகிற ஃபோல்க்மார் வாய் ஓயாமல் கிண்டலடிப்பவன். அன்று பேசவே இல்லை.

"என்ன, எழவு வீட்டுக்கு வந்தவனாட்டம் நிக்கிற?"

"உன் கையுறையக் காட்டு."

கட்டைவிரலை மூடும் கெட்டி ஓட்டில் மயிரிழை போல ஒரு விரிசல்.

"போன வாரம் அந்தப் புதுப் பொண்ணு அடிச்சது. கத்துக்குட்டி, கண்ட எடத்துல அடிக்கிறா."

"இல்ல மார்லிட். அவ உன் தலைக்கு அடிச்சா, ஏட்டுல சொன்ன மாதிரி. நான்தான் மூணு வருஷமா உன் வாள் வர்ற எடம் பார்த்து அடிச்சிருக்கேன். தெரிஞ்சு செய்யல. பழகிப்போச்சு."

மார்லிட்டுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"அப்ப இப்ப அடி. என் தலைக்கு."

"மாட்டேன், தாயே. திங்கக்கிழமை நீ சீவுளி பிடிக்க வேணாமா?"

"ஞாயித்துக்கிழமை எவனோ அடிக்கப் போறான். அதுக்கு நீயே அடிச்சிரு."

ஃபோல்க்மார் முகக்கவசத்தை மாட்டினான். வலைக்குப் பின்னால் அவன் முகம் காணாமல் போயிற்று. வாள் உயர்ந்தபோதே, அது தன் வாளைத் தேடி வரவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. கைகளை உயர்த்த நேரம் இருந்தது. உயர்த்தவில்லை.

காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம். பட்டறையில் அவள் வெறுக்கிற ஒரே சத்தம் அதுதான்.

கையுறை கழலவில்லை; வாரை அறுத்துத்தான் எடுத்தான்.

"மடக்கு."

"மடங்கல."

அவள் பென்சிலைக் கேட்டு வாங்கினாள். தன் ஏட்டுப் பிரதியின் ஓரத்தில் இடது கையால் கோணல்மாணலாக எழுதினாள்: கைகள் தலைக்கு மேலே.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம், எந்திரி."

"இரு, தேதி போடணும்."

விரல் அதற்குள் கறுக்கத் தொடங்கியிருந்தது.