ஆளைப் பற்றி அப்புறம்

என் மேசையில் ஒரு பித்தளை மணி இருக்கிறது. உச்சியில் தட்டினால் 'டிங்' என்று அடிக்கும். சட்டக் கல்லூரியில் மனு எழுதவும் வாதாடவும் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. பயிற்சி வாதத்தில் முதலில் பிரச்சினையைச் சொல்ல வேண்டும், அடுத்து சட்டம், ஆளைப் பற்றி அப்புறம். வரிசை மாறினால் மணி.

அந்த மணிச்சத்தத்தை அதிகம் கேட்டவள், பாகான் டாலாமிலிருந்து தினமும் ஃபெரியில் வந்த ஒரு மாணவி. "யாங் ஆரிஃப், இந்தப் பெரியவர் அந்த வீட்டில்..." என்று, நீதிபதியாக உட்கார்ந்திருக்கும் என்னை, 'கனம் நீதிபதி அவர்களே' என்பதை மலாயில் சொல்லி விளித்துத் தொடங்குவாள். டிங். மறுபடி தொடங்குவாள். டிங். வகுப்பே சிரிக்கும். ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் வந்து நின்றாள்.

"யாருக்காகப் பேசறோம்னே சொல்லாம, ஜட்ஜ் எப்படி சார் காது கொடுத்துக் கேட்பாரு?"

"மார்க் வேணும்னா சொன்ன மாதிரி செய்லா," என்றேன். எவ்வளவு அலட்சியம் எனக்கு! அவள் வாதாடும் ஆசையையே விட்டுவிட்டாள். இப்போது ஏதோ ஓர் அலுவலகத்தில் வீட்டுப் பத்திரங்களைச் சரிபார்க்கிறாள்.

சென்ற மாதம் என் அக்காவின் வழக்கு விசாரணைக்கு வந்தது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பக்கத்துச் சந்தில் அவளுக்கு ஒரு தையல் கடை. கட்டடத்தை வாங்கிய புது முதலாளி காலி செய்யச் சொல்லிவிட்டார். என்னிடம் முதல் மதிப்பெண் வாங்கிய மாணவனையே வக்கீலாகப் பிடித்துக்கொடுத்தேன். அவன் பிசகே இல்லாமல் பேசினான். பிரிவு, உட்பிரிவு, முன் தீர்ப்பு, எல்லாம் நான் சொல்லிக்கொடுத்த வரிசை. நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இந்த அம்மா எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார் என்று கேட்டார். அவன் காகிதங்களைப் புரட்டினான். புரட்டிக்கொண்டே இருந்தான். பின்வரிசையில் அக்கா விரல்களை மடக்கியும் விரித்தும் காட்டிக்கொண்டிருந்தாள், அவன் திரும்பவேயில்லை. எழுந்து கத்திவிடலாம் போல எனக்கு எரிச்சல். மாதக் கடைசிக்குள் காலி செய்யும்படி தீர்ப்பானது.

பதில் சொல்லியிருந்தால் ஜெயித்திருப்போமா, தெரியாது. படியிறங்கும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் தம்பி, நான் யாருன்னு கடைசி வரைக்கும் யாருமே சொல்லலையே?"

அந்த மாணவியைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். இன்னும் கேட்கவில்லை.

இன்று காலை வகுப்பில் ஒரு மாணவன் எழுந்தான். "யாங் ஆரிஃப், இந்த அம்மா இருபது வருடமாக..." என்று தொடங்கினான்.

என் கை முந்திக்கொண்டது. டிங்.