ஆற்றில் போட்ட மண்ணுருண்டைகள்

கல்லூரி விடுதியில் என் பட்டப்பெயர் தூக்குச்சட்டி. சோற்றைப் பொட்டலம் கட்ட விடாமல் தூக்குச்சட்டியை நீட்டுவேன். தேநீரைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி ரப்பர் போட்டுத் தந்தால் வாங்கமாட்டேன். எங்கள் குடும்பத்தில் படித்து இவ்வளவு தூரம் வந்த முதல் ஆள் நான். கேலிக்கெல்லாம் பதில் வைத்திருப்பவள். ஆனால் போன வாரம் பசுமைக் கழகக் கூட்டத்தில், ஆற்றைச் சுத்தப்படுத்த மண்ணுருண்டை பிடிக்கலாம் என்று ஒரு தோழி சொன்னபோது பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

சிறு வயதில் நாங்கள் பினாங்குத் தீவின் சுங்கை பினாங்கில், ஆற்றை ஒட்டிய பலகை வீட்டில் இருந்தோம். தண்ணீர் மை போல இருக்கும். பெரிய மழை பெய்தால் அடுப்படிவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, ஆற்றோர வீடுகளைக் காலி செய்யச் சொல்லப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. நம்மால்தான் ஆறு நாறுகிறதாம் என்று அப்பா தட்டைப் பார்த்தபடியே சொன்னார். நான் உடனே ஒரு முடிவுக்கு வந்தேன். ஆறு நாறாமல் இருந்தால் எங்களைப் போகச் சொல்லமாட்டார்கள்.

அதற்கு வழியும் பள்ளியிலேயே கிடைத்தது. களிமண்ணில் தவிடும் புளித்த பழத்தோல் தண்ணீரும் கலந்து உருட்டி, நிழலில் காயவைக்க வேண்டும். மேலே வெள்ளையாகப் பூஞ்சணம் படர்ந்தால் உருண்டைக்கு உயிர் வந்துவிட்டது என்றார் ஆசிரியை. ஆற்றில் போட்டால் அந்த உயிர் அழுக்கைத் தின்றுவிடுமாம். வீட்டில் செய்து எடுத்துவரச் சொன்னார்.

அன்றிலிருந்து வீட்டில் என் ஆட்சிதான். குப்பை எதுவும் ஆற்றுக்குப் போகக்கூடாது. அம்மா காய்கறி வாங்கப் பாசாருக்குக் கூடை எடுத்துப் போக வேண்டும். எங்களோடு தங்கி அங்கே மூட்டை தூக்கிக்கொண்டிருந்த மாமா, அன்னாசித் தோலைச் சுமந்து வந்து கொட்டிவிட்டு என் பக்கத்தில் குந்துவார்.

“என்னா பாப்பா, ஆத்துக்குக் கொழுக்கட்டையா? ஏலக்காய் போட்டியா இல்லியா?”

“சும்மா இருங்க மாமா. இது மருந்து.”

“மருந்துனா கசக்கும்லா. ஆறு துப்பிடப் போவுது.”

உருண்டைகள் காய்ந்துகொண்டிருந்தபோது யாரோ இரண்டு பேர் வந்து, எங்கள் வாசல் பலகையில் சிவப்புச் சாயத்தால் ஓர் எண்ணை எழுதிவிட்டுப் போனார்கள். அதுவரை எங்கள் வீட்டுக்கு எண்ணே கிடையாது. கடிதங்கள்கூட மூலைக் கடைக்குத்தான் வரும். இப்போது எங்களுக்கும் முகவரி வந்துவிட்டது. வகுப்பில் எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னேன். அம்மா மட்டும் கறை நீக்கும் பிளீச் வாங்கி வந்து அந்த எண்ணைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பலகை வெளுத்தது, எண் போகவில்லை.

மறுநாள் பள்ளியிலிருந்து வந்து பார்த்தால், உருண்டைகளில் பஞ்சு போலப் படர்ந்திருந்த வெள்ளையைக் காணோம். எல்லாம் பளபளவென்று இருந்தன.

“பூசணம் புடிச்சிருந்துச்சு. மிச்ச பிளீச்சப் போட்டுக் கழுவி வச்சிருக்கேன். அழுக்கா கொண்டுபோனா டீச்சர் நம்மள என்னா நெனப்பாங்க?”

உயிரைக் கொன்றுவிட்டீர்கள் என்று அழுதேன். ஒன்றும் புரியாமல் அம்மா தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். மாமாதான் என்னை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனார். எல்லாவற்றையும் எறிந்தோம். அவை கல்லைப் போல மூழ்கின. தண்ணீர் அப்படியே இருந்தது.

அந்த வருடம் முடிவதற்குள் கடல் பாலம் தாண்டி, பெருநிலத்துப் பத்து காவானில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குப் போய்விட்டோம். மாமா பாசாரை விடமுடியாமல் தீவிலேயே தங்கிவிட்டார். அம்மா கழுவியதால்தான் வீடு போயிற்று என்று வெகுகாலம் நம்பினேன். கோபம் வரும்போதெல்லாம் அதை அம்மாவிடம் சொல்லவும் செய்தேன். அவர் மறுத்துப் பேசியதே இல்லை.

கூட்டம் முடிந்த மறுநாள் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். எங்கள் வீடு இருந்த இடத்தில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். ஆற்றை நேசிப்போம் என்று ஒரு பலகை நிற்கிறது. அதற்குக் கீழே தண்ணீர் கறுப்பாகவே ஓடுகிறது.

இடிக்கப்போகும் வீடுகளுக்கு இட்ட அந்தச் சிவப்பு எண் வாசலில் விழுந்தபோதே வீடு எங்கள் கையை விட்டுப் போய்விட்டது. அது அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும், எண்ணைத் தேய்த்துத் தோல் உரிந்த அதே கைகளால், மகளை யாரும் குறை சொல்லக்கூடாதென்று அத்தனை உருண்டைகளையும் ஒவ்வொன்றாகக் கழுவி அடுக்கி வைத்திருந்தார்.